மடக்குக்கத்தி வெச்சிருக்கவன் எல்லாம் ரவுடியா?

ரெண்டு வாரமா சொந்தக்காரங்க மத்தியில என் பேர்தான் அடிபடுது. காரணம் ஒரு மடக்குக்கத்தி. 12 வருஷம் தேடி, கடைசியில என் கைக்குன்னே அளவெடுத்துச் செஞ்சு வாங்கிட்டேன். சந்தோஷத்துல நாலு பேருக்கு போட்டோ அனுப்பினேன். வந்த பதிலைப் பாருங்க.

சிங்கப்பூர் மச்சான்: "என்ன மாப்ள, நீயும் கொய்தா கேங்குல சேந்துட்டியா?"

நியூஜெர்சி சித்தப்பா: "பொம்பளப் புள்ள இருக்கற வீட்ல இதெல்லாம் எதுக்குப்பா?"

ஊர்லேருந்து அத்தை: "நல்லாத்தானடா இருந்த?"

எங்க அபார்ட்மெண்ட் மூணாவது மாடிக்காரர்: "7,500 ரூபாயா! ஆன்லைன்ல முந்நூறு ரூவாய்க்கு வருதே சார்."

முதல் மூணு பேருக்கும் பயம். நாலாவது ஆளுக்குக் கணக்கு. இந்த பயமும் கணக்கும் சேந்துதான் ஒரு நல்ல தொழிலைக் கொன்னுக்கிட்டு இருக்குங்கறது என் கட்சி. ஒவ்வொருத்தருக்கா போன்ல விளக்கி மாளல. அதான் மொத்தமா இங்க கொட்டிடறேன். கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்கலாம்.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி. நான் பிம்ப்ரியில இருபது வருஷமா ஆணி புடுங்கறவன். மத்தவங்க மாதிரி பொட்டி தட்டற ஆணி இல்லீங்க, நெசமாவே ஆணி, போல்ட்டு, பிராக்கெட்டு. கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் பண்ற இடத்துல தரக்கட்டுப்பாடு. இந்த ஊரே இரும்பை அறுத்து இழைச்சுப் பொழைக்கற ஊரு. 1954-ல இந்துஸ்தான் ஆன்ட்டிபயாடிக்ஸ் வந்து மருந்துத் தொழிலை ஆரம்பிச்சு வெச்சுது. அப்புறம் டெல்கோ, ஆகுர்டியில பஜாஜ், போசரி எம்ஐடிசின்னு வரிசையா வந்து இரும்பு வாசனை இந்த மண்ணுல ஊறிப்போச்சு. மைக்ரான் கணக்குல வேலை பண்ற ஆளுங்க தெருவுக்குப் பத்து பேர் இருக்காங்க.

அப்படிப்பட்ட ஊர்ல ஒரு ஒழுங்கான மடக்குக்கத்தி கிடைக்க எனக்கு 12 வருஷம் ஆச்சுன்னா அதுக்குக் காரணம் இருக்கணும்ல?

எனக்கு எதுக்குக் கத்தி? ஒரு நாள் என்கூட வாங்க. காலையில வர்ற பெட்டி ஒவ்வொண்ணுலயும் டேப் பிரிக்கணும். சாம்பிள் கட்டியிருக்கற பிளாஸ்டிக் டையை அறுக்கணும். ரப்பர் சீல்ல இருக்கற பிசிறைச் சீவிப் பாக்கணும். மத்தியானம் கொய்யாவோ மாங்காயோ நறுக்கணும். இதுக்கெல்லாம் எல்லாரும் வெச்சிருக்கறது ஸ்டேஷனரி கடையில கிடைக்கற, நுனியை ஒடிச்சு ஒடிச்சுப் போடற பிளேடு கட்டர். என் கத்தியை விடக் கூர்மையானது அது. ஸ்கூல் பசங்களுக்கே கேள்வி கேக்காம குடுப்பாங்க. ஒடிஞ்ச துண்டு எங்க போச்சுன்னு எவனுக்கும் தெரியாது, யாராச்சும் கால்ல ஏறும். அதைப் பாத்து யாருமே பயப்படல பாருங்க. மரப்பிடி போட்டு, மடிச்சா பத்திரமா உள்ள போயிடற ஒரு சாமானைப் பாத்தாத்தான் வேர்க்குது.

தேடின கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். பிம்ப்ரி கேம்ப் மார்க்கெட்ல கிடைக்கறதெல்லாம் சீனாச் சரக்கு. மண்டை ஓடு, டிராகன் படம், கருப்பு பெயிண்ட். ஒரு மாசத்துல பிளேடு ஆட ஆரம்பிச்சுடும். சுவிஸ் கத்தி ஒண்ணு வெச்சிருந்தேன், அருமையான சாமான். ஒரு விமான நிலையத்துல கைப்பையில இருந்துச்சுன்னு எடுத்துத் தொட்டியில போட்டாங்க. சட்டம் சட்டம்தான், விடுங்க. அமெரிக்காவுல கிறிஸ் ரீவ்னு ஒருத்தர் தொடங்கின பட்டறையில செபென்சான்னு ஒரு மடக்குக்கத்தி பண்றாங்க. உலகத்துல கத்திப் பைத்தியம் புடிச்சவங்க எல்லாரும் கும்பிடற சாமி அது. செபென்சாங்கற பேரு ஜுலு மொழியிலேருந்து எடுத்தது. அர்த்தம் என்ன தெரியுமா? வேலை. ஆமாங்க, வெறும் வேலை! எனக்கு அந்தப் பேரு ரொம்பப் புடிச்சுது, விலைதான் புடிக்கல. ஐந்நூறு டாலர் பக்கம். வெளிநாட்டுல தனி ஆளா கத்தி பண்றவர் ஒருத்தர்கிட்ட எழுதிக் கேட்டேன். ரெண்டு வருஷம் காத்திருப்புப் பட்டியல்னார். காத்திருந்தேன். முறை வந்தப்போ அனுப்பின பார்சல் பாதி வழியில திரும்பிப் போயிடுச்சு.

நம்ம நாட்டுலயே பண்றவங்க இருக்காங்க. ஆனா பெரும்பாலும் பட்டாக்கத்தி மாதிரி, வேட்டைக்குப் போற மாதிரி, அலை அலையா கோடு போட்ட டமாஸ்கஸ் சாமான். ஷோகேஸ்ல வெக்கலாம். நான் புலி அடிக்கப் போறதில்லயே.

கடைசியில ஆள் கிடைச்சது போசரியில, ஒரு டீக்கடைப் பேச்சுல. முப்பது வருஷத்துக்கு மேல டூல்ரூம்ல டை மேக்கரா இருந்து ரிட்டையர் ஆனவர். மராட்டிக்காரர், நான் காகான்னு கூப்பிடறேன். ஒரு சின்ன ஷெட், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர், ஒரு பெஞ்ச் டிரில், சுவர் பூரா அரம். போனதும் "எவ்வளவு நீளம்?"னு அவர் கேக்கல. "என்ன வேலை?"ன்னு கேட்டார். அப்புறம் என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி வெர்னியர் வெச்சு அளந்தார். ஒரு நீள நோட்டுல எழுதினார். 86 மி.மீ., வலது கை, டேப், ரப்பர், பழம்.

இந்த நோட்டை ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி ஒரு சண்டைக்கு வேணும்.

மடக்குக்கத்தி பண்றது எவ்வளவு கஷ்டம்னு வெளியில தெரியாது. அருவாளோ சமையல் கத்தியோ ஒரே துண்டு. மடக்குக்கத்தி ஒரு மெஷின். காகா எனக்குப் பண்ணிக் குடுத்ததுல பட்டன் இல்ல, பூட்டு இல்ல. முதுகுப் பக்கம் ஒரு ஸ்ப்ரிங் பட்டை. பிளேடோட அடிக்கட்டை சதுரமா இருக்கும், அது மேல அந்தப் பட்டை அழுத்திக்கிட்டே இருக்கும். திறந்தா டக்குன்னு ஒரு இடத்துல நிக்கும். மூடினா டக்குன்னு உள்ள உக்காரும். பாதியில ஒரு டக் இருக்கு, விரலைக் கவனின்னு சொல்றதுக்கு. பூட்டு கிடையாதுங்கறதால எதிர்ப்பக்கம் அழுத்தம் குடுத்தா மடங்கிடும். இதை வெச்சு ஒருத்தனைக் குத்தப் போனா முதல்ல போறது குத்தறவனோட விரல்தான். இது வெட்ட, சீவ, நறுக்க மட்டும்.

இந்த டக்குங்கற ஒரு சத்தத்துக்குத்தான் அவ்வளவு உழைப்பு. திறந்தாலும் மூடினாலும் பாதியில நின்னாலும் ஸ்ப்ரிங்கோட முதுகு பிடியோட ஒரே மட்டத்துல இருக்கணும். நூறுல சில பங்கு மில்லிமீட்டர் தப்பினாலும் நகத்துல தட்டுப்படும். காகா அரத்தை வெச்சு ரெண்டு தேய், கோத்துப் பார், கழட்டு, ரெண்டு தேய்னு உக்காந்திருந்ததை நான் மூணு ஞாயித்துக்கிழமை பாத்தேன்.

உலோகம் ஓஎச்என்எஸ். டூல்ரூம் ஆளுங்களுக்குத் தெரியும், எண்ணெயில தோய்ச்சல் போட்டா வளையாம நிக்கற ஸ்டீல். ஏறக்குறைய நூத்துக்கு ஒரு பங்கு கரி. 800 டிகிரி பக்கம் சூடாக்கி எண்ணெயில முக்கி, அப்புறம் 200 டிகிரியில பதம் பண்ணினா 60 ராக்வெல் கிட்ட நிக்கும். ஸ்ப்ரிங்குக்கு அவ்வளவு கடினம் ஆகாது, ஒடிஞ்சுடும். அதுக்கு 45 போதும். துரு புடிக்கும், தொடச்சு ஒரு சொட்டு எண்ணெய் போடணும். பிளேடு நீளம் 68 மி.மீ., அகலம் 16 மி.மீ. உள்தகடு பித்தளை. பிடி மட்டும் நான் கொண்டு போனது. தாத்தா வீட்டைப் பிரிச்சப்போ எடுத்து வெச்ச பனங்கை, வைரம் பாஞ்ச கருப்பு. "இது மரமே இல்ல, நார்க்கட்டு, சிலும்பும்"னு காகா மூணு நாள் திட்டினார். அப்புறம் பிசின் ஊத்தி இறுக்கி இழைச்சார். (இங்க ஒரு கொசுவத்தி சுத்தலாம், சுத்த மாட்டேன்.)

சரி, இப்ப பயத்துக்கு வருவோம்.

மச்சான் சொன்ன கொய்தா கேங் கற்பனை இல்ல. பிம்ப்ரி, புனே ரெண்டு ஊர்லயும் சின்னப் பசங்க கையில கொய்தாவை வெச்சுக்கிட்டு நிறுத்தியிருக்கற வண்டிக் கண்ணாடியை உடைக்கறது, கடைக்காரரை மிரட்டறது, வெட்டறது எல்லாம் நடந்துச்சு, நடக்குது. பாதிக்கப்பட்டவங்க என்னை மாதிரி, உங்களை மாதிரி ஆளுங்கதான். 2018 ஆகஸ்ட்ல பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்குன்னு தனி போலீஸ் கமிஷனரேட்டே வந்துச்சு. அவங்க பசங்களைப் புடிச்சா நான் கை தட்டுவேன். அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது.

ஆனா 2023-ல புனே போலீஸ் ஒரு வேலை பண்ணாங்க. கொய்தா விக்கறவங்க வாங்கறவனோட ஆதார் அட்டையைப் பாத்து எழுதி வெக்கணும்னாங்க. இதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 2021 செப்டம்பர்ல நம்ம தமிழ்நாட்டுலயும் இதே கதை. தொடர் கொலைகளுக்கு அப்புறம் அருவாப் பட்டறைக்காரங்க வாங்கறவங்க பேரு, போன் நம்பர், எதுக்கு வாங்கறாங்கன்னு குறிச்சு வெக்கணும், கேமரா மாட்டணும்னு உத்தரவு. துருத்தி ஊதற ஷெட்டுல கேமரா! திருப்பாச்சேத்திப் பட்டறையில ஒரு நாள் வருமானம் எவ்வளவுன்னு உத்தரவு போட்டவங்க கேட்டுட்டுப் போட்டாங்களா?

வெட்டப் போறவன் ஆதார் குடுத்து வாங்குவானா? 2022 ஏப்ரல்ல இங்க பக்கத்துல திகியில ஒரு கூரியர் கிடங்குல 90-க்கும் மேல வாள் மாட்டுச்சு. பஞ்சாப்லேருந்து பார்சலா வந்தது. 2018-ல அவுரங்காபாத்ல ஆன்லைன்ல ஆர்டர் பண்ணின வாளும் கத்தியும் வீட்டு வாசலுக்கே வந்து, போலீஸ் புடிச்சாங்க. பெரிய கம்பெனி, பெரிய கிடங்கு, பார்கோடு, பில்லு எல்லாம் இருந்த வழியிலதான் அந்த வாளெல்லாம் வந்துச்சு. கேள்வி மட்டும் ரோட்டோரத்துல மாட்டுவண்டியை நிறுத்தி உலை வெச்சிருக்கற கிசாடிக்காரர்கிட்ட. அவருக்கே ஆதார்ல எந்த ஊரு விலாசம்னு பாதி நேரம் பிரச்சினை.

இன்னொண்ணு. கொய்தான்னா என்னன்னு நம்ம மக்களுக்குத் தெரியணும். கரும்பு வெட்டற அருவா. (நம்ம 'கொய்தல்' காதுல விழுதுல்ல?) பீட் மாவட்டத்துலேருந்து வருஷா வருஷம் லட்சக்கணக்குல ஜனங்க கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிராவுக்கு வர்றாங்க. அந்தத் தொழில்ல ஒரு கணவன் மனைவி ஜோடிக்கே பேரு கொய்தா. "எத்தனை கொய்தா அனுப்பற?"ன்னா எத்தனை ஜோடின்னு அர்த்தம். முன்பணமும் ஜோடிக்குத்தான். ரெண்டுல ஒருத்தர் ஒரு நாள் படுத்துட்டா அபராதம். அப்படி ஒரு உழைப்போட பேரை எடுத்து ரவுடிப் பசங்களுக்கு வெச்சிட்டோம். நாமும் வயித்துப் பொழப்புக்கு ஊரு விட்டு வந்தவங்கதான். அந்தப் பேரை நாம இவ்வளவு சுலபமா ஜோக்கு அடிக்கக் கூடாது மச்சான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பாத்துடுவோம், ஏன்னா சித்தப்பா "ஜாமீன் எடுக்க நான் வர மாட்டேன்"னு வேற சொல்லியிருக்கார். 1959 ஆயுதச் சட்டமே வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டும் ஆன சாமானை ஆயுதம்னு கணக்குல எடுக்கல. 2016 ஆயுத விதிகள்ல 9 அங்குலத்துக்கு மேல நீளமோ 2 அங்குலத்துக்கு மேல அகலமோ இருக்கற கத்திகளைப் பட்டியல் போட்டிருக்கு. அதுலயும் வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழிற்சாலை வேலைக்கானதுக்கு விலக்கு. டெல்லி ரொம்பக் கறார். 1980 அறிவிக்கைப்படி பட்டன் கத்தி, ஸ்ப்ரிங் கத்தி மாதிரி இயந்திர அமைப்புல திறந்து மூடறது 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் தொட்டா வில்லங்கம். நான் 68-க்கு 16-ன்னு சொன்னது சும்மா இல்லீங்க, டெல்லிக்கு டிரெய்னிங் போற ஆளு நானு. மகாராஷ்டிராவுல போலீஸ் சட்டம் 37-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. திருவிழா, தேர்தல், பந்தோபஸ்து சமயத்துல தடை உத்தரவு போடுவாங்க. அந்தப் பட்டியல்ல வாள், ஈட்டி, கத்தியோட தடியும் லத்தியும் இருக்கு. தாத்தாக்களோட கைத்தடியையும் புடிக்கலாம் போல. அந்த நாள்ல கத்தியை வீட்டு டிராயர்ல வெச்சிட்டுப் போறேன், முடிஞ்சுது. லண்டன்ல இருக்கறவங்களுக்கு: அங்க 1988 சட்டப்படி 3 அங்குலத்துக்குள்ள, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில வெச்சுக்கலாம். கத்திக்குத்துக்குப் பேர் போன ஊர்லயே கருவி எது, ஆயுதம் எதுன்னு ஒரு கோடு கிழிச்சிருக்காங்க. நம்ம வீட்டுக்குள்ளதான் அந்தக் கோடு இல்ல.

கோடு இல்லாம பயந்தா என்ன ஆகும்? ஜப்பானைப் பாருங்க. மிக்கின்னு ஒரு ஊரு, இரும்புச் சாமானுக்குப் பேர் போனது. அங்க 1890-கள்லேருந்து ஹிகோனோகாமின்னு ஒரு மடக்குக்கத்தி பண்றாங்க. ஒரு மடிச்ச தகடு, ஒரு பிளேடு, ஒரு ஆணி, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பசங்க எல்லார் பையிலயும் இருந்துச்சு, பென்சில் சீவ. 1960 அக்டோபர்ல சோஷலிஸ்ட் தலைவர் அசானுமாவை 17 வயசுப் பையன் மேடையிலயே குத்திக் கொன்னான். நாடே அதிர்ந்து போய் பிள்ளைகள் கையில கத்தி வேணாம்னு இயக்கம் நடத்துச்சு. அந்தப் பையன் குத்தினது ஒரு குட்டை வாளால. தண்டனை கிடைச்சது பென்சில் கத்திக்கு. பட்டறைகள் ஒவ்வொண்ணா மூடி, இன்னைக்கு அந்தப் பேரைப் பொறிக்கற உரிமையோட மிச்சம் இருக்கறது ஒரே ஒரு குடும்பம்.

ஜப்பான் வரைக்கும் எதுக்கு, ராம்பூர் போதும். உத்தரப் பிரதேசத்து ராம்பூரி சாக்கு தெரியாதவங்க யாரு? இந்திப் படம் பூரா வில்லன் கையில டக்குன்னு திறக்குமே, அதே. சினிமா அதை வில்லன் சாமானாவே ஆக்கிடுச்சு. 1990-கள்ல அரசாங்கம் நாலரை அங்குலத்துக்கு மேல பிளேடு கூடாதுன்னுச்சு. தொழில் தேஞ்சு, பட்டறைகளை விரல் விட்டு எண்ணலாம்னு ஆயிடுச்சு. அப்புறம் 2023-ல ராம்பூர் நகர வாசல்ல ஒரு நாற்சந்தியில 20 அடிக்கு ஒரு பித்தளை, எஃகு ராம்பூரிக் கத்தியை நட்டு வெச்சாங்க, சாக்கு சவுக்னு. ஜனங்க செல்ஃபி எடுக்கறாங்க. தொழிலாளியைப் பட்டினி போட்டுட்டு அவன் சாமானுக்குச் சிலை வெக்கறதுல நம்ம நாட்டை யாரும் அடிச்சுக்க முடியாது.

சுவிஸ்காரன் என்ன பண்ணினான்? 1884-ல கார்ல் எல்செனர்னு ஒருத்தர் கத்திப் பட்டறை ஆரம்பிச்சப்போ அந்த நாடு ஏழை நாடு. வேலை இல்லாம ஜனம் கப்பல் ஏறிக்கிட்டிருந்தாங்க. நம்மளை மாதிரியே. உள்ளூர்ல வேலை உண்டாக்கணும்னுதான் அவர் கத்திக்காரங்களைச் சங்கமா சேத்தார். 1891-ல ராணுவத்துக்குக் கத்தி குடுக்க ஆரம்பிச்சார். அதுதான் இன்னைக்கு விக்டோரினாக்ஸ். நம்ம ஆளுங்க ஐரோப்பா டூர் போனா ஆளுக்கு ரெண்டு சிவப்புக் கத்தி வாங்கிட்டு வந்து மருமகனுக்குக் குடுப்பாங்க. அது கிஃப்டு! அத்தை, உங்க பீரோவுலயே ஒண்ணு இருக்கு, சித்தப்பா குடுத்தது. அதுல ரத்தக்கறை தெரியல உங்களுக்கு, போசரியில பண்ணினதுல மட்டும் தெரியுது. (அந்தக் கம்பெனியே 2024-ல பிளேடு இல்லாத மாடல் ஒண்ணு யோசிக்கறோம்னு அறிவிச்சுது. இனிமே சட்னி இல்லாத இட்லிக் கடையும் வரும்.)

நம்ம ரெட்டை வேஷத்தை எங்க போய்ச் சொல்ல. ஆயுத பூஜைக்கு அருவாமனையிலேருந்து ஸ்குரூடிரைவர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வெக்கறோம். இங்கயும் அதே நாள்தான், கண்டே நவமி. பிம்ப்ரி கம்பெனிகள்ல லேத்துக்கு மாலை போட்டு தேங்கா உடைப்பாங்க. கருப்பசாமிக்கு அருவா நேர்ந்துக்கறோம். மராட்டிக்கார அம்மாக்கள் விளின்னு வெச்சிருக்கறதும் நம்ம அருவாமனையும் அக்கா தங்கச்சி. நம்ம பாக்குவெட்டிக்கு இங்க அடகித்தா. நம்ம பாட்டிங்க எல்லாரும் ஒரு அடி இரும்பைக் கால்ல மிதிச்சுக்கிட்டு மடியில புள்ளையையும் வெச்சுக்கிட்டு காய் அரிஞ்சவங்கதான். பொம்பளப் புள்ள இருக்கற வீடு, சித்தப்பா!

அதோட இன்னொரு கூத்து. மாசத்துக்கு நாலு தடவை குடும்ப குரூப்புல ஒரு ஃபார்வர்டு வரும். உலகத்துக்கே உருக்கு குடுத்தவன் தமிழன், கொடுமணல்ல உலை கண்டுபுடிச்சாங்க, டமாஸ்கஸ் வாளே நம்ம இரும்புன்னு. விஷயத்துல உண்மை இருக்கு. ஈரோடு பக்கம் கொடுமணல்ல இரும்பு, உருக்கு வேலை நடந்ததுக்கு அகழாய்வுத் தடயம் இருக்கு. மின்சாரத்துக்குப் பேர் போன மைக்கேல் பாரடே 1819 வாக்குல நம்ம ஊட்ஸ் எஃகை எடுத்து வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்கார். ரொம்பப் பெருமை. அதே ஆளு ஊருக்குப் போறப்போ சந்தையில கொல்லர்கிட்ட நூத்தம்பது ரூபா கத்தியை எண்பதுக்குக் குடுன்னு நிக்கறார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கொல்லனுக்கு மரியாதை, எதிர்ல நிக்கற கொல்லனுக்குப் பேரம்.

இப்ப மூணாவது மாடிக்காரர் கணக்குக்கு வர்றேன். சார், நான் உக்காந்து எழுதி வெச்சேன். காகாவுக்கு இந்தக் கத்திக்கு 32 மணி நேரம் ஆச்சு. இரும்பு, பித்தளை, ஆணி, ஹீட் டிரீட்மெண்ட், பெல்ட் எல்லாம் கழிச்சா அவர் கையில நின்னது 5,600 ரூபா. மணிக்கு 175. முப்பது வருஷ அனுபவத்துக்கு. போன மாசம் உங்க ஏசியைத் தொடைக்க வந்த பையன் அரை மணிக்கு 600 வாங்கிட்டுப் போனான், சரியான விலைதான்னு நீங்களே சொன்னீங்க. காகாவுக்கு நான் குடுத்தது அதிகம் இல்ல, கம்மி. இதை அவர்கிட்டயே சொன்னேன். "ஜாஸ்தி கேட்டா யாரு வருவாங்க?"ன்னார். முந்நூறு ரூபா கத்திதான் அவர் விலையை நிர்ணயிக்குது. அதோட ஆணி ஆறு மாசத்துல தளரும், நீங்க தூக்கிப் போட்டுட்டு இன்னொண்ணு ஆர்டர் பண்ணுவீங்க. அப்படிப் பத்து வாங்கினா 3,000. குப்பையில பத்து கத்தி, கையில ஒண்ணும் இருக்காது.

இப்படியே போனா காகாவுக்கு அப்புறம் ஆள் இல்ல. அவர் பையன் ஐடியில இருக்கான். நல்ல பையன், தப்பே இல்ல. ஷெட்டுக்குப் பழைய இரும்பும் லாரிப் பட்டையும் வந்தது குதள்வாடிப் பக்கத்துலேருந்து. 2025 பிப்ரவரியில மாநகராட்சி அங்க ஆயிரக்கணக்கான ஷெட்டுகளை, அனுமதி இல்லாததுன்னு ஒரே வாரத்துல இடிச்சுத் தள்ளிடுச்சு. ஆத்து மாசு, தீ விபத்துன்னு அவங்க சொல்ற காரணத்துல நியாயம் இருக்கு. ஆனா இந்த ஊரு நின்னது பெரிய கம்பெனி போர்டுல மட்டும் இல்ல, அந்த ஷெட்டுகள்லயும்தான்னு யாராச்சும் கணக்குல எடுத்தாங்களான்னுதான் கேக்கறேன்.

நோட்டை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன்ல? அதிகாரிங்க கொல்லரை நோட்டுப் போடுன்னு சொல்றாங்க. காகா அந்த உத்தரவு எதுவும் வர்றதுக்கு முன்னாடிலேருந்தே நோட்டு வெச்சிருக்கார். யாருக்கு என்ன பண்ணினேன், எந்த வேலைக்கு, எந்தக் கை, எப்ப சாணை புடிக்க வந்தான்னு எல்லாம் அதுல இருக்கு. ரெண்டு பேரை அவர் திருப்பி அனுப்பினதும் எனக்குத் தெரியும். ஒருத்தன் பட்டன் வெச்சு பெருசா கேட்டான், "வேலை என்ன?"ங்கற கேள்விக்குப் பதில் சொல்லல. இந்த ஒரு கேள்வியை எந்த ஆன்லைன் கடையும் கேக்காது. உள்ளங்கையை அளந்து செய்யற ஆளுக்கு, யார் கைக்குக் குடுக்கறோம்னு தெரியும். போலீஸ் இவரை மாதிரி ஆளுங்களைச் சந்தேகப் பட்டியல்ல வெக்கறதுக்குப் பதிலா, ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்காந்து பேசினா அவங்களுக்குத்தான் லாபம்.

சித்தப்பா கேள்விக்கு இன்னும் பாக்கி இருக்கு. பொண்ணுக்கு 11 வயசு. அவ கிளாஸ்ல ஒரு மாம்பழத்தைத் தானா தோல் சீவத் தெரிஞ்ச புள்ளைங்க ரெண்டு பேராம். பிரான்ஸ்ல ஒபினெல்னு 1890-லேருந்து கத்தி பண்றாங்க, அவங்க குழந்தைகளுக்குன்னே நுனி மழுங்கின மடக்குக்கத்தி விக்கறாங்க. அம்மா அப்பா பக்கத்துல இருந்து சொல்லித் தர்றாங்க. நாமளோ புள்ளைக்கு போன் குடுப்போம், ஸ்கூட்டி சாவி குடுப்போம், கத்தின்னா மட்டும் கையை உதறுவோம்.

அதனால போன ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு போசரிக்குப் போனேன். தங்கமணியும் வந்தாங்க, "விளி ஒண்ணு செஞ்சு தருவாரான்னு கேளுங்க"ன்னு ஒரு தனி ஆர்டரோட. காகா பொண்ணோட கையை விரிக்கச் சொன்னார். அவ இடது கையை நீட்டினா. இடதுகைக்காரி. கடையில வர்ற மடக்குக்கத்தியில நகம் மாட்டித் திறக்கற பள்ளம் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும், வலதுகைக்காரங்க வசதிக்கு. இவ எதைத் திறந்தாலும் கோணலா புடிச்சுத்தான் திறக்கணும்.

காகா கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு நோட்டை எடுத்தார். 71 மி.மீ., இடது கை, பள்ளம் மறுபக்கம், நுனி உருண்டை, ஸ்ப்ரிங் கொஞ்சம் இளக்கம். "வேலை என்ன?"ன்னு அவளையே கேட்டார். அவ கொஞ்சம் யோசிச்சுட்டு "பென்சில், மாங்கா"ன்னா. எழுதிக்கிட்டார். மூணு மாசம் ஆகுமாம். விலை 6,000, பேரம் பேசல.